ரேடார் டிடெக்டர் வாங்கலாமா? அமெரிக்கச் சாலைகளில் கார் ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வட கரோலினாவின் கேரி ஊரில் இருக்கிறேன். அக்கா குடும்பம் நியூஜெர்சியில். வருஷத்துக்கு நாலைந்து தடவை காரிலேயே போய் வருகிறோம். வேகமாகப் போனதற்கு முதல் அபராதச் சீட்டு (ஸ்பீடிங் டிக்கெட்) வாங்கிய கோபத்தில் ஒரு மலிவான ரேடார் டிடெக்டர் வாங்கி மாட்டினேன். அது மருந்துக் கடையைப் பார்த்தாலும் கத்தும், பக்கத்தில் போகும் காரைப் பார்த்தாலும் கத்தும். "இது காரா, கோழிக் கூண்டா?" என்றாள் மனைவி. ஆறு மாதத்தில் அது மேசை டிராயருக்குள் போய்விட்டது. அதற்கப்புறம்தான் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். இப்போது வைத்திருப்பது இரண்டாவது கருவி. அதைக் காரில் பார்க்கும் நண்பர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரேடார் டிடெக்டர் என்றால் என்ன? அது என்னதான் செய்கிறது?

அது ஒரு ரேடியோ பெட்டி, அவ்வளவுதான். வீட்டு ரேடியோ பாட்டைப் பிடிக்கிற மாதிரி, இது போலீஸ் ரேடார் அனுப்பும் நுண்ணலையைப் பிடித்துச் சத்தம் போடுகிறது. போலீஸை நோக்கி எதையும் அனுப்புவதில்லை, போலீஸ் கருவியைக் குழப்புவதும் இல்லை.

போலீஸ் கையில் இருக்கும் ரேடார் கன் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலையை வீசுகிறது. அது ஓடும் காரில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். ரயில் நம்மை நெருங்கும்போது ஹாரன் கீச்சென்றும், கடந்ததும் கனத்தும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவு. 24.15 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் கன்னுக்கு, கார் ஓடும் வேகத்தில் மணிக்கு ஒவ்வொரு மைலுக்கும் சுமார் 72 ஹெர்ட்ஸ் மாறும். 60 மைல் வேகம் என்றால் மாற்றம் 4,300 ஹெர்ட்ஸ் சொச்சம். இது காதால் கேட்கக்கூடிய ஒலியின் எல்லைக்குள் வருகிறது. அதனால்தான் ரேடார் கன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இசைக்கவையைத் தட்டி அதன் முன்னால் பிடிக்கிறார்கள். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் தட்டி விளையாடிய அதே கவை, இங்கே போலீஸ் காரில் இருக்கிறது.

போலீஸ் என் வேகத்தை அளப்பதற்கு முன்பே இதற்கு எப்படித் தெரிகிறது?

இருட்டில் வரப்பு வழியாக ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறார் என்று வையுங்கள். அவர் முகம் நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, வெளிச்சம் தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் அவர் நம்மைப் பார்க்க வேண்டுமானால் அந்த வெளிச்சம் நம்மேல் பட்டு அவர் கண்ணுக்குத் திரும்பிப் போக வேண்டும். ரேடாரும் இப்படித்தான். போலீஸுக்கு அலை போய்த் திரும்ப வேண்டும், நமக்கு ஒரு வழிப் பயணம் போதும்.

கணக்காகச் சொன்னால், தூரம் இரட்டிப்பானால் நமக்கு வரும் சக்தி நான்கில் ஒரு பங்காகக் குறையும், போலீஸுக்குத் திரும்பும் சக்தி பதினாறில் ஒரு பங்காகக் குறையும். டிடெக்டர் ஜெயிப்பது இந்த வித்தியாசத்தில்தான். தட்டையான நேர்ச்சாலையில் ஒரு மைலுக்கு மேலும் முன்கூட்டியே தெரியலாம். மலையும் வளைவும் மரமும் உள்ள சாலையில் அது சில நூறு அடியாகச் சுருங்கிவிடும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் தூரத்தை நம்பி வாங்காதீர்கள். அது சாலையைப் பொறுத்த விஷயம்.

எக்ஸ், கே, கேஏ என்று பெட்டியில் போட்டிருக்கிறார்களே?

போலீஸ் ரேடாருக்கு ஒதுக்கிய அலைவரிசைகள் அவை. எக்ஸ் பேண்ட் 10.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பது, பழசு, இன்றைக்கு அநேகமாக யாரும் பயன்படுத்துவதில்லை. பெரும்பாலான ஊர்களில் அதை அணைத்துவிடலாம். கே பேண்ட் 24 கிகாஹெர்ட்ஸ் சுற்றி. போலீஸும் பயன்படுத்துகிறது, கடைக் கதவும் பயன்படுத்துகிறது, காரும் பயன்படுத்துகிறது. தலைவலியெல்லாம் இதில்தான், அதற்குத் தனியாக வருகிறேன்.

கேஏ பேண்ட் 33.4 முதல் 36 வரை. இங்கே போலீஸ் கன்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நிற்கும்: 33.8, 34.7, 35.5. இந்த வரிசையில் போலீஸைத் தவிர வேறு யாருக்கும் பெரிய வேலை கிடையாது. ஆகவே கேஏ என்று கத்தினால், அதுவும் இந்த மூன்று எண்களில் ஒன்றைத் திரையில் காட்டினால், யோசிக்காமல் காலை எடுத்துவிடுங்கள். அதிர்வெண்ணை எண்ணாகக் காட்டாத கருவியை நான் வாங்கவே மாட்டேன்.

அப்படியென்றால் இது மாட்டினால் டிக்கெட்டே வராதா?

வரும். இதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை.

ரேடாரை எந்நேரமும் வீசிக்கொண்டே ரோந்து போகும் போலீஸ் கார் என்றால் டிடெக்டருக்கு விருந்து. ஆனால் விவரமான ட்ரூப்பர் (மாநிலப் போலீஸ்காரர்) அப்படிச் செய்ய மாட்டார். பாலத்துக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு, ரேடாரைத் தயார்நிலையில் அணைத்தே வைத்திருப்பார். வேகமாக ஒரு கார் நெருங்கியதும் பொத்தானை அழுத்துவார். ஓரிரு நொடியில் அவர் கருவியில் வேகம் பதிவாகிவிடும். இதை இங்கே இன்ஸ்டன்ட் ஆன் என்கிறார்கள். காலியான சாலையில் நீங்கள் மட்டும் போகிறீர்கள், அவர் ரேடார் கன்னால் சுடுகிற, அதாவது வேகம் அளக்கிற, முதல் கார் உங்களுடையது என்றால், அலாரம் அடிக்கும்போது உங்கள் வேகம் அவர் திரையில் இருக்கும். நீங்கள் கேட்பது எச்சரிக்கையல்ல, அறிவிப்பு.

டிடெக்டர் உங்களைக் காப்பாற்றுவது, அவர் உங்களுக்கு அரை மைல் முன்னால் போகிறவரைச் சுடும்போது. அந்த அலை சிதறி உங்களுக்கும் வந்து சேரும். இரண்டு நொடி கேஏ சத்தம் கேட்டு, அப்படியே அடங்கிவிடும். புதிதாக வாங்கியவர்கள் "ஏதோ பொய் அலாரம்" என்று விட்டுவிடுவது இதைத்தான். உண்மையில் அதுதான் அந்தக் கருவி தரும் ஆக விலையுயர்ந்த இரண்டு நொடி. போக்குவரத்து இருக்கும் சாலையில் இது பயன்படுகிறது, நள்ளிரவில் தனியாகப் போகும்போது அவ்வளவாக இல்லை. யாரும் தொடாத தனிச்சாலையில் பறக்கலாம் என்று நினைத்து இதை வாங்குகிறவர்களுக்கு நேர்மாறான செய்தி இது.

லேசரையும் பிடிக்கும் என்று போட்டிருக்கிறதே?

பிடிக்கும், ஆனால் பிரயோஜனம் குறைவு. லேசர் கன் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, சுமார் 904 நானோமீட்டர் அலைநீளத்தில், துடிப்பு துடிப்பாக அனுப்பி, திரும்பும் நேரத்தை அளந்து வேகத்தைக் கணக்குப் போடுகிறது. ரேடார் கற்றை விசிறி மாதிரி விரியும். லேசர் கற்றை 1,000 அடி தூரத்தில்கூட ஏறக்குறைய மூன்றடி அகலம்தான். போலீஸ் உங்கள் நம்பர் பிளேட்டையோ ஹெட்லைட்டையோ குறி வைப்பார். பக்கத்துக் காருக்குச் சிதறாது. அரை நொடிக்குள் வேலை முடிந்துவிடும். முன்கண்ணாடிக்குள் இருக்கும் டிடெக்டரில் அந்த ஒளி பட்டால்தான் அலாரம். பட்டால் அது உங்களைத்தான்.

லேசரை மட்டுமே நம்பும் ஊரில் இருக்கிறீர்கள் என்றால் டிடெக்டருக்கு 500 டாலர் செலவழிக்காதீர்கள். உங்கள் ஊர்ப் போலீஸ் எதைப் பயன்படுத்துகிறது என்று அங்கே நெடுநாள் கார் ஓட்டியவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பென்சில்வேனியா ஒரு வினோதம். அங்கே பல பத்தாண்டுகளாக மாநிலப் போலீஸ் மட்டுமே ரேடார் வைத்திருந்தது, உள்ளூர்ப் போலீஸுக்கு அனுமதி இல்லை. அவர்கள் சாலையில் இரண்டு கோடுகளுக்கு நடுவே கார் போகும் நேரத்தை அளந்து வேகம் கண்டுபிடித்தார்கள். அதை எந்த டிடெக்டரும் பிடிக்காது. பின்னாலேயே வந்து தன் ஸ்பீடோமீட்டரைப் பார்க்கும் போலீஸையும் பிடிக்காது. சில மாநிலங்களில் விமானத்திலிருந்தும் நேரம் பார்க்கிறார்கள், அதுவும் அப்படியே.

இது சட்டப்படி சரியா?

அமெரிக்காவில் சாதாரணக் காருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் சரி. ஆனால் விதிவிலக்குகள்தான் நம்மவர்களைச் சரியாகப் போய் மாட்டிவிடுகின்றன, எனவே இதை நிதானமாகப் படியுங்கள்.

வர்ஜீனியாவில் தடை. வாஷிங்டன் டி.சி.யிலும் தடை. கேரியிலிருந்து வடக்கே எங்கே போனாலும் வர்ஜீனியாவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கருவியை அணைத்துவிட்டு முன்கண்ணாடியிலேயே விட்டுவைத்தால் போதாது. மின்சார இணைப்பு இல்லாமலும், ஓட்டுநருக்கோ பயணிக்கோ கை எட்டாமலும் இருந்தால்தான் குற்றமில்லை. நான் ஐ-85 நெடுஞ்சாலை வழியாகப் போகும்போது, எல்லைக்குச் சற்று முன்பு ஒரு கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தி, வயரைக் கழற்றி, டிடெக்டரைப் பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்துவிடுவேன். பிள்ளைகள் பாத்ரூம் போய்வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

வர்ஜீனியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், டிடெக்டரை விட முக்கியமானது. அங்கே வேக வரம்பைவிட 20 மைல் அதிகம் போனாலோ, வரம்பு எதுவானாலும் 85 மைலைத் தாண்டினாலோ, அது வெறும் டிக்கெட் அல்ல, ரெக்லஸ் டிரைவிங். அதாவது குற்றவியல் வழக்கு: 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. 70 மைல் வரம்புள்ள ஹைவேயில் 86 போனாலே போதும். விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைதானதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா" என்று ஒரு கேள்வி வருமே, அந்த இடத்தில் இது வந்து நிற்கும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் அங்கே குரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு இளையராஜாவைக் கேட்டுக்கொண்டு போங்கள். அப்படி வழக்கு வந்துவிட்டால் ஆன்லைனில் பணம் கட்டி முடித்துவிட நினைக்காமல் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

வர்த்தக வாகனங்களுக்கு விதி வேறு. 10,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள, மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரிகளில் மத்திய விதிப்படி நாடு முழுக்கத் தடை. ராணுவத் தளங்களுக்குள்ளும் கூடாது. கலிஃபோர்னியாவிலும் மினசோட்டாவிலும் கருவி வைத்திருக்கலாம், ஆனால் முன்கண்ணாடியில் ஒட்டித் தொங்கவிடக்கூடாது.

டொரன்டோவுக்குக் காரில் போகிறோம். எடுத்துப் போகலாமா?

வேண்டாம். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சவன் ஆகிய மூன்று மாகாணங்களில்தான் அனுமதி. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் காரில் வைத்திருப்பதே குற்றம், ஓடுகிறதா அணைந்திருக்கிறதா என்ற பேச்சே இல்லை. 100 முதல் 1,000 டாலர் வரை அபராதம், கருவியையும் பிடுங்கிக்கொள்வார்கள், திரும்பக் கிடைக்காது. டொரன்டோவின் ஸ்கார்பரோவில் கல்யாணத்துக்குப் போகிற வழியில் 600 டாலர் கருவியை அரசாங்கத்துக்கு மொய் எழுத வேண்டியதில்லை.

சின்னக் கருவிதானே, மறைத்து வைத்தால் யாருக்குத் தெரியும்?

தெரியும். டிடெக்டர் தன் வேலையைச் செய்ய உள்ளுக்குள் ஒரு சிறு அலையை உற்பத்தி செய்துகொள்கிறது. அதில் கொஞ்சம் வெளியே கசியும். அந்தக் கசிவைப் பிடிப்பதற்கென்றே கருவி இருக்கிறது: டிடெக்டரைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர். ஸ்பெக்டர் என்பது அதில் பெயர் போனது. விலை கூடிய சில மாடல்கள் கசிவைக் குறைத்து இதற்கும் பிடி கொடுக்காமல் செய்யப்பட்டவை. ஆனால் தடையுள்ள இடத்தில் அதை நம்பிப் பந்தயம் கட்டச் சொல்ல மாட்டேன்.

இந்தக் கசிவால் இன்னொரு கூத்தும் உண்டு. பக்கத்துக் காரில் தரமில்லாத டிடெக்டர் இருந்தால், அதன் கசிவைப் போலீஸ் என்று நினைத்து உங்கள் கருவி கேஏ சத்தம் போடும். திரையில் மேலே சொன்ன மூன்று எண்களுக்குப் பொருந்தாத ஏதோ ஒன்று அலையும். அந்தக் கார் பிரிந்து போனதும் நின்றுவிடும்.

என் டிடெக்டர் எந்நேரமும் கத்துகிறது. ஓட்டையா?

ஓட்டை இல்லை. ஊர் அப்படி. சூப்பர் மார்க்கெட், மருந்துக் கடை வாசலில் ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவில் ஒரு சென்சார் இருக்கிறது. அது கே பேண்டில் அலை வீசுகிறது. சாலையோரம் "உங்கள் வேகம் 38" என்று காட்டும் பலகையும் ரேடார்தான். இவை ஓரிடத்தில் நிற்பவை, சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது கார்கள். பக்கவாட்டில் வண்டி வந்தால் கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரிகிறதே, அந்த பிளைண்ட் ஸ்பாட் வசதி பல கார்களில் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார். அதாவது போலீஸின் கே பேண்டேதான். நெரிசலில் அப்படி ஒரு எஸ்யூவி உங்கள் முன்னால் மாட்டினால் பத்து மைலுக்கும் கச்சேரிதான். புதிய கார்கள் பல 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு மாறிவிட்டன. அது டிடெக்டரின் காதில் விழாது. ஆனால் பழைய கார்கள் சாலையில் இன்னும் நெடுநாள் ஓடும்.

மலிவான டிடெக்டருக்கும் நல்லதற்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான் தெரியும். எல்லாமே அலையைப் பிடித்துவிடும். "இது வேறொரு காரின் சென்சார், விடு" என்று சொல்லத் தெரிந்ததுதான் நல்ல கருவி. அந்த அறிவு சாஃப்ட்வேரில் இருக்கிறது. அதனால் வாங்கிய கையோடு ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் இருக்கும் அந்த சாஃப்ட்வேரை, புதுப்பியுங்கள், அப்புறமும் வருஷத்துக்கு ஓரிரு தடவை பாருங்கள். புதுப்பிக்க வழியில்லாத கருவி சில வருஷங்களில் வெறும் கூச்சல் பெட்டியாகிவிடும்.

கடைக் கதவுகளுக்கு ஜிபிஎஸ் மருந்து. ஒரே இடத்தில் ஒரே அதிர்வெண் திரும்பத் திரும்ப வந்தால், கருவி அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை வாயை மூடிக்கொள்ளும். சில மாடல்களில் இது தானாக நடக்கும், சிலவற்றில் பொத்தானை அழுத்திச் சொல்லித் தர வேண்டும். குறைந்த வேகத்தில் போகும்போது சத்தத்தை அடக்கும் வசதியும் ஜிபிஎஸ்ஸால்தான். தினமும் ஒரே வழியில் வேலைக்குப் போகிறவருக்கு இது இல்லாமல் முடியாது.

சரி, எதை வாங்குவது?

முதலில் 100 டாலருக்குக் கீழே எதையும் வாங்காதீர்கள். என் டிராயரில் தூங்குவது அந்த ரகம். அந்தப் பணத்துக்குக் குடும்பத்தோடு சரவண பவனில் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஹைவேயில் அடிக்கடி நீண்ட பயணம் போகிறவர், புதிதாக வாங்குகிறார் என்றால் யூனிடன் நிறுவனத்தின் ஆர்4 போன்ற ஒன்றைச் சொல்வேன். கேஏ பேண்டைத் தூரத்திலேயே பிடிக்கிறது, ஜிபிஎஸ் இருக்கிறது, விலையும் உச்சத்தில் இல்லை. செட்டிங்கில் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். தொழில்நுட்பம் பிடிக்காது, மாட்டிவிட்டு மறந்துவிட வேண்டும் என்பவருக்கு எஸ்கார்ட் நிறுவனத்தின் மாடல்கள் பொருந்தும். பொய் அலாரங்களைத் தானாகவே பழகிக்கொள்ளும். நகர நெரிசல்தான் அதிகம், கூச்சல் தாங்க முடியாது என்றால் ரடென்சோ டிஎஸ்1 ஒன்றைப் பார்க்கலாம். வடிகட்டுவதில் நல்ல பெயர் உள்ளது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் வேலன்டைன் ஒன், அல்லது யூனிடன் ஆர்8. வேலன்டைனில் ஜிபிஎஸ் உள்ளே கிடையாது. ப்ளூடூத் வழியாகப் போனில் ஒரு ஆப்பைச் சேர்த்தால்தான் அதன் முழுத் திறமையும் தெரியும்.

நல்ல கருவிகள் எல்லாம் சுமார் 400 முதல் 800 டாலருக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல், காரின் முன்பக்க கிரில்லுக்குள் ஒளித்துப் பொருத்துகிற ரகம் ஆயிரக்கணக்கில் போகும். விற்கும்போது கழற்றி எடுக்க வேண்டிய கஷ்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் நம் மாதிரி ஆட்களுக்கு அது வேண்டாத வேலை.

பழையது வாங்கலாமா என்றால், மூன்று நான்கு வருஷத்துக்கு உட்பட்ட மாடலாக, ஃபர்ம்வேர் இன்னும் வந்துகொண்டிருப்பதாக இருந்தால் தாராளமாக. பத்து வருஷப் பழசு அந்தக் காலத்தில் ராஜாவாக இருந்திருக்கலாம். பிளைண்ட் ஸ்பாட் ரேடார்கள் இந்த அளவுக்கு இல்லாத ஊரில் வளர்ந்த ராஜா அது.

அம்புக்குறி அவ்வளவு முக்கியமா?

1992-இல் வந்த வேலன்டைன் ஒன்தான் முன், பக்கம், பின் என்று மூன்று அம்பு காட்டி இதைப் பிரபலமாக்கியது. கருவிக்குள் பின்னால் பார்க்கும் இன்னொரு ஆன்டெனா இருக்கும். சத்தம் கேட்டு வேகத்தைக் குறைத்தபின், "இன்னும் முன்னால் இருக்கிறாரா, கடந்துவிட்டோமா?" என்ற கேள்விக்கு அம்பு பதில் சொல்லிவிடும். எதிர்ச்சாரியில் போன போலீஸ் கார் பின்னால் திரும்பி வருகிறதா என்பதும் தெரியும். இல்லாமலும் ஓட்டலாம். ஆனால் அம்பு பழகியவர்கள் திரும்பிப் போவதில்லை. என் கருவியில் இல்லை, அடுத்ததில் இருக்கும்.

கையில் வேஸ் ஆப் (ஓட்டுநர்களே போலீஸ் நிற்கும் இடத்தைப் பதிவு போடும் வழிகாட்டி ஆப்) இருக்கிறதே, அது போதாதா?

வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் வெளியூர் போகிறவருக்கு வேஸ் போதும், உண்மையாகவே போதும். கூகுள் மேப்ஸும் போலீஸ் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. இலவசம். லேசர் வைத்துக்கொண்டு நிற்பவரையும், ஒன்றுமே இல்லாமல் சும்மா நிற்பவரையும்கூட இவை காட்டும். டிடெக்டரால் அது முடியாது.

ஆனால் யாராவது முன்னால் போய்ப் பார்த்துப் பதிவு போட்டால்தான் அதில் வரும். கிராமத்து ஹைவேயில், ராத்திரியில், யாரும் போட மாட்டார்கள். நகரும் போலீஸ் காரை அது பிடிக்காது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

வேகக் கேமராக்களைப் பிடிக்குமா?

நிலையாக நிற்கும் கேமராக்கள் பல, கருவியின் ஜிபிஎஸ் பட்டியலில் இருக்கும், நெருங்கும்போது சொல்லும். கேமராவுக்குள் இருக்கும் ரேடாரைப் பிடிப்பது கஷ்டமான காரியம். மல்டாரேடார் போன்ற கேமரா ரேடார்கள் மிகக் குறைந்த சக்தியில், கே பேண்ட் முழுக்க அலைந்துகொண்டே வீசும். எல்லா டிடெக்டருக்கும் அது புரியாது, புரிகிற மாடலிலும் அந்த வசதியைத் தனியாகப் போட்டுவிட வேண்டும். போட்டால் பொய் அலாரமும் கூடும். நியூயார்க் நகரத்தில் பள்ளிப் பகுதிக் கேமராக்கள் 2022 ஆகஸ்ட் முதல் 24 மணி நேரமும் ஓடுகின்றன. வரம்பைவிட 10 மைலுக்கு மேல் போனால் 50 டாலர். அங்கே போகும்போது டிடெக்டரைப் பார்க்காதீர்கள், பலகையைப் பாருங்கள்.

எங்கே மாட்டுவது?

சாலை தடையில்லாமல் தெரியும் இடத்தில், தரைக்கு இணையாக. ரியர்வியூ கண்ணாடியை ஒட்டிய உயரம் நல்லது. வைப்பரோ, கண்ணாடி மேலே இருக்கும் அடர்நிறப் பட்டையோ குறுக்கே வரக்கூடாது. சில கார்களின் முன்கண்ணாடியில் வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு இருக்கும், அது அலையையும் தடுத்துவிடும். அப்படிப்பட்ட கண்ணாடியில் டோல் டேக் ஒட்ட என்று ஒரு சிறு இடம் விட்டிருப்பார்கள், அங்கே வைத்துப் பாருங்கள். ஏர்பேக் வெடிக்கும் பாதையில் மட்டும் வேண்டாம். காரை நிறுத்திவிட்டுப் போகும்போது கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். கண்ணாடியில் தொங்குவது திருடனுக்குக் கூப்பிட்டுக் கொடுக்கும் அழைப்பு.

ஜாமர் வாங்கினால் தொல்லையே இல்லையாமே?

ரேடார் ஜாமர் மத்தியச் சட்டப்படிக் குற்றம், எந்த மாநிலமானாலும். அந்தப் பேச்சை அங்கேயே விடுங்கள். லேசர் ஜாமர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா, டெக்சஸ், இல்லினாய், வர்ஜீனியா உட்பட ஒரு டஜன் இடங்களில் தடை. மற்ற இடங்களிலும், போலீஸ் கருவியில் எண்ணே விழாமல் போனால் அந்த ட்ரூப்பருக்குப் புரிந்துவிடும். அப்புறம் அவர் உங்களைக் கவனிக்கும் விதமே வேறாக இருக்கும்.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது?

1974-இல், எண்ணெய் நெருக்கடியின்போது, நாடு முழுக்க 55 மைல்தான் உச்ச வேகம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. நேற்று வரை 70-இல் போனவர்கள் இன்று 55-இல் ஊர வேண்டும் என்றால் யார் கேட்பார்கள்? ஒஹையோவில் டேல் ஸ்மித் என்பவர் செய்த ஃபஸ்பஸ்டர் என்ற கருவி அந்த நேரத்தில் லாரிக்காரர்களிடையே பரவியது. 1978-இல் ஜிம் ஜேகர், மைக் வேலன்டைன் என்ற இரண்டு பொறியாளர்கள், ரேடியோக்களில் இருந்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையை (வரும் அலையை உள்ளே உற்பத்தியாகும் அலையோடு கலந்து பிடிக்கும் முறை) இதற்குள் கொண்டுவந்து எஸ்கார்ட்டைச் செய்தார்கள். கருவியின் காது அதற்கப்புறம்தான் கூர்மையானது. பிறகு வேலன்டைன் பிரிந்து போய்த் தன் பெயரிலேயே ஒன்று தொடங்கினார். 55 மைல் சட்டம் 1995-இல் போய்விட்டது, கருவிகள் மட்டும் நின்றுவிட்டன.

வேகமாகப் போகத்தானே இது? நியாயமா?

அப்பாவும் இதைத்தான் கேட்டார். என் பதில் முழுசாக நியாயமில்லை என்று எனக்கே தெரியும். 70 வரம்புள்ள சாலையில் எல்லோரும் 78-இல் போகும்போது நானும் போகிறேன். சரிவில் இறங்கும்போது கவனிக்காமல் 82 ஆகிவிடும். கருவி கத்தும்போது ஸ்பீடோமீட்டரைப் பார்க்கிறேன். அந்த அளவுக்குத்தான் என் கட்சி. பள்ளிப் பகுதியிலும், சாலை வேலை நடக்கும் இடத்திலும் இதை வைத்துக்கொண்டு வேகமாகப் போகிறவருக்காக நான் வாதாட மாட்டேன். இது மாட்டியதும் வேகம் பத்து மைல் கூடிவிட்டது என்றால், கழற்றிவிடுங்கள். அதிகம் கத்துவதால் என் மனைவி இப்போதும் அதைக் கோழி என்றுதான் சொல்கிறாள், பிள்ளைகளும்.

போலீஸ் நிறுத்திவிட்டால் கருவியைக் கழற்றி மறைக்கணுமா?

அனுமதியுள்ள மாநிலத்தில் மறைக்க வேண்டிய அவசியமில்லை. சிலர் மரியாதைக்காகக் கழற்றி வைப்பார்கள். அதைச் செய்வதானால் வண்டி நின்றபின், போலீஸ் நெருங்கி வரும் நேரத்தில் செய்யாதீர்கள். குனிவதும், எதையோ சீட்டுக்கு அடியில் தள்ளுவதும் பின்னால் இருப்பவருக்கு வேறு மாதிரித் தெரியும். வண்டியை ஓரங்கட்டி, உள்விளக்கைப் போட்டு, ஜன்னலை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு உட்காருங்கள். டிடெக்டர் அப்போதும் கத்திக்கொண்டிருந்தால் கத்தட்டும்.